குடை கூரையாகாது: வெளிப்புற நிழலுக்கு ஒரு வழிகாட்டி

மொட்டை மாடியிலோ வீட்டுத் தோட்டத்திலோ நாலு நாற்காலி போட்டு உட்கார ஆசைப்படுகிறவர்கள் நிழலுக்காகப் பெரிய குடையைத் தேடிப் போகிறார்கள். கடையில் விரித்து நிறுத்தியிருக்கும்போது எல்லாக் குடைகளும் அழகாகத்தான் இருக்கும். நிறத்தையும் விலையையும் பார்த்து ஒன்றை வாங்கி வருகிறோம். அடுத்த கோடைக்குள் துணி வெளுக்கிறது, இல்லையென்றால் ஆடிக் காற்றில் கம்பி முறிகிறது. குடை மட்டம் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு நம் எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது: குடையை ஒரு சிறிய கூரையாக நினைத்து வாங்கினோம். கூரை போட்ட இடத்தில் போட்டபடி நிற்க வேண்டியது. குடையோ விரிக்கவும் மடக்கவும் செய்யப்பட்ட கருவி. அதன் பலம் முழுவதும் மடங்குவதில்தான் உள்ளது. இதை ஒப்புக்கொண்டால் எந்த வகை, எந்தத் துணி, எவ்வளவு எடை, என்ன பராமரிப்பு என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் விடை தானாக வந்து சேரும். தினமும் மடக்க மனமில்லாதவர்கள் குடை வாங்காமல் வேறு நிழலைத் தேடுவதே நல்லது என்பதும் அந்த விடைகளில் ஒன்று.

எந்த நேரத்து நிழல்?

முதலில் தீர்மானிக்க வேண்டியது நீங்கள் வெளியே உட்காரும் நேரம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது குடையின் நிழல் குடைக்கு நேர் கீழே விழும். ஆனால் அந்த வேளையில் மொட்டை மாடியில் யாரும் உட்காருவதில்லை. மாலை 4 மணிக்குச் சூரியன் மேற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 33 பாகை உயரத்தில் இருக்கும். தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் விரிந்திருக்கும் துணியின் நிழல் அந்நேரம் ஏறத்தாழ 3.3 மீட்டர் கிழக்கே தள்ளிப்போய் விழுகிறது. உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில் கணக்கிட்டாலும் 1.8 மீட்டர் விலகல் வரும். பரவலாக விற்கும் 9 அடிக் குடையின் நடுக்கம்பத்திலிருந்து விளிம்பு வரை 1.35 மீட்டர்தான். ஆக, கம்பத்தை ஒட்டி நாற்காலி போட்டிருப்பவர் குடைக்கு அடியிலேயே இருந்தும் முழு வெயிலில் இருப்பார்.

தெருவோர இளநீர் வண்டிக்காரர்களுக்கும் பூக்கடைக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஒரு பக்கம் சாய்த்துக் கட்டிய குடையை மாலையில் மறுபக்கம் திருப்பிக் கட்டுகிறார்கள். வீட்டுக் குடையிலும் அதே வசதி வேண்டும். நடுக்கம்பத்தில் சாய்க்கும் மூட்டு இல்லாத குடை, முற்பகல் 10 மணிக்கு முன்னும் பிற்பகல் 2 மணிக்குப் பின்னும் அதிகம் உதவாது. மாலையில் மட்டுமே உட்காருகிற வீடு என்றால், மேற்குப் பக்கத்தில் மூங்கில் தட்டியோ நிழல்வலையோ நெட்டாகத் தொங்கவிடுவது குடையைவிட நன்றாக வேலை செய்யும். தாழ்ந்து வரும் வெயிலை மறிக்கப் படுக்கைக் கூரையைவிட நிமிர்ந்த திரைதான் ஏற்றது.

குடையா, வலையா, கீற்றா?

நிழல்வலை மலிவாகக் கிடைக்கும்போது குடைக்கு எதற்குச் செலவு என்று கேட்பது நியாயம். 50, 75, 90 விழுக்காடு என வெயிலை மறைக்கும் அளவு பார்த்து நிழல்வலையை வாங்கலாம். துளைகள் வழியாகக் காற்று ஊடுருவுவதால் கெட்டித் துணியைவிட அது குறைவான இழுப்பைத் தாங்கினால் போதும். மாடித் தோட்டச் செடிகளுக்கு நாள் முழுக்க நிழல் வேண்டுமென்றால் நிழல்வலைக்குப் போட்டியே இல்லை. கீற்றுப் பந்தலின் சிறப்பு வேறு. தென்னங்கீற்று தகரத்தைப் போலச் சூடேறி அடியில் இருப்பவர் மேல் அனலை இறக்காது. ஆனால் காய்ந்த கீற்று எளிதில் தீப்பிடிக்கும், மழையில் மக்கும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். தகரக் கொட்டகை பல ஆண்டு நிற்கும், பகலின் வெக்கையையும் கூடவே தரும். கொடிப் பந்தல் எல்லாவற்றிலும் குளிர்ச்சியானது. படர்ந்து நிறையும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

இவை நான்கும் நிலையான நிழல்கள். குடை ஒன்றுதான் வேண்டாதபோது விலகிக்கொள்ளும். மாலையில் மடக்கிவிட்டால் வானம் திறக்கும், துணி காயப்போட இடம் கிடைக்கும். வாடகை வீட்டிலிருந்து கிளம்பும்போது கூடவே எடுத்துப் போகலாம். புயல் எச்சரிக்கை வந்தால் சில நிமிடங்களில் உள்ளே கொண்டுபோய்விடலாம். ஒரே இடத்துக்கு எப்போதும் நிழல் தேவைப்படுவோர் வலையையோ பந்தலையோ நாடட்டும். அவ்வப்போது, இடம் மாற்றி, சில மணி நேரம் உட்காருகிறவர்களுக்குத்தான் குடை.

குடைகளுக்குள்ளும் இரண்டு பெரும்பிரிவுகள் உண்டு. ஒன்று நடுக்கம்பக் குடை. மற்றொன்று, கம்பம் ஓரமாக நிற்க, அதிலிருந்து நீளும் கையில் குடை தொங்கும் பக்கக் கம்பக் குடை. மேசைக்கு நடுவே கம்பம் இல்லாததால் இரண்டாவது வகை வசதியானது. பல மாதிரிகளைச் சூரியனோடு சுற்றித் திருப்பவும் முடியும். ஆனால் நீட்டிய கையின் முனையில் சுமை தொங்குவதால், காற்று தள்ளும்போது அடிப்பகுதியில் அது உண்டாக்கும் நெம்பல் மிக அதிகம். சுவர்களும் மரங்களும் காற்றை மறிக்கும் தோட்டத்துக்கு அது பொருந்தும். கடற்கரையை ஒட்டிய வீட்டின் மாடிக்கோ பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைப் பக்கத்து மாடிக்கோ சாய்க்கும் மூட்டுள்ள நடுக்கம்பக் குடையே பாதுகாப்பானது.

காற்றின் கணக்கு

குடையை வெயில் மெல்லத் தின்கிறது. காற்று ஒரே நொடியில் முறிக்கிறது. அதனால் வாங்கும்போது வெயிலைவிடக் காற்றைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்க வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 60 நியூட்டன் அழுத்தம் தருகிறது. 9 அடிக் குடையின் பரப்பு சுமார் 5.7 சதுர மீட்டர். சாய்த்த குடைக்குள் காற்று நேராகப் புகுந்தால், ஏறக்குறைய 35 கிலோ எடையளவு விசை அதைப் பிடித்து இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அந்த விசை கம்பத்தின் உச்சியில் செயல்படுவதால் குடையைக் கவிழ்க்க நெம்புகோலும் கூடவே கிடைத்துவிடுகிறது. அமெரிக்கக் கடற்கரைகளில் காற்றில் பறந்த குடைகள் உயிரையே பறித்திருக்கின்றன: 2016இல் வர்ஜீனியாவிலும் 2022இல் தென் கரோலினாவிலும் தலா ஒரு பெண் இறந்தார். மூன்று மாடி உயரத்திலிருந்து தெருவில் விழும் குடை இன்னும் ஆபத்தானது. பக்கத்து வீட்டாருக்கும் தெருவில் போகிறவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை மறந்து மாடியில் குடை நிறுத்தக் கூடாது.

எடை கூடிய அடிபீடம் வாங்கினால் தீர்ந்தது என்று சொல்லலாம். பாதி உண்மை அது. 9 அடிக் குடைக்குக் குறைந்தது 30 கிலோ பீடம் வேண்டும். திறந்த மாடியில் அதைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது. ஆனால் விசை இருமடியாக ஏறும்போது பீடத்தின் எடையைக் கூட்டி அதை எட்டிப் பிடிக்க முடியாது. பீடம் சமாளிப்பது எதிர்பாராமல் வரும் சிறு வீச்சை மட்டும்தான். மரக்கிளைகள் ஆடத் தொடங்கிய பிறகு குடையைக் காப்பது மடக்கும் கைதான். துணியின் உச்சியில் காற்றுவாய் வைத்துத் தைத்த குடை வீச்சை ஓரளவு தணிக்கும், அடியில் தேங்கும் வெப்பக் காற்றையும் வெளியேற்றும். அதுவும் துணைதான், மாற்றாகாது.

பீடத்தில் மூன்று வகை கிடைக்கிறது: வார்ப்பிரும்பு, கான்கிரீட், உள்ளே நிரப்பும் பிளாஸ்டிக். மூன்றாவதில் தண்ணீர் ஊற்றுவது எளிது. ஆனால் தண்ணீர் ஆவியாகிக் குறையும், விரிசல் விட்டால் ஒழுகும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். உலர்ந்த மணலை நிரப்புங்கள். அதே கொள்ளளவில் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை கிடைக்கும். மாடித் தளத்தைத் துளைத்து போல்ட் அடிக்கும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். தட்டோடு பதித்த தளத்தில் போட்ட துளை வழியாக ஐப்பசி மழை கீழ் வீட்டுக் கூரையில் கசிந்து இறங்கும். குடைக்கு ஆகும் செலவைவிட அதைச் சரிசெய்யும் செலவு பெரிது.

துணியும் கம்பியும்

துணியில் பார்க்க வேண்டியது சாயம் ஏறிய விதம். நெய்த பிறகு சாயமேற்றிய பாலியஸ்டர், வர்ணம் பூசிய சுவர் மாதிரி. மேற்பரப்பு தேய்ந்தால் நிறம் போய்விடும். நூலாக இழுப்பதற்கு முன்பே நிறமியைக் கலந்து செய்த அக்ரிலிக், செங்கல் மாதிரி; உடைத்துப் பார்த்தாலும் உள்ளே சிவப்பு. நம் வெயிலில் இந்த வேறுபாடு சில கோடைகளிலேயே கண்ணுக்குத் தெரியும். இடைப்பட்ட விலையில், இதே முறையில் நிறமேற்றிய ஓலிஃபின் துணியும் உண்டு. மலிவான பாலியஸ்டரை ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். வருடத்தில் பத்து நாள் மட்டும் விரிப்பவருக்கு அது சரியான கணக்கே. தினமும் விரிப்பவர் அக்ரிலிக்குக்குச் செலவழிக்கலாம். எதை வாங்கினாலும் துணியை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கம்பிகளின் எண்ணிக்கையையும், உச்சியிலிருந்து கம்பி முனை வரையுள்ள நீளத்தையும் குறித்து வைத்திருந்தால் பின்னாளில் மாற்றுத் துணி வாங்குவதோ தைப்பதோ எளிது.

நிழலில் இருப்பதாலேயே வெயில் சுடாது என்று நம்பவும் கூடாது. புற ஊதாக் காப்பெண் 50 என்று குறித்த துணி அந்தக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். ஆனால் வானத்தில் சிதறிப் பக்கவாட்டில் வரும் கதிரையும் தரையிலிருந்து திரும்பும் கதிரையும் துணி தடுக்காது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஏரிக்கரையில் 81 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. நண்பகலை ஒட்டி மூன்றரை மணி நேரம் குடைக்கடியில் மட்டும் இருந்தவர்களில் 78 விழுக்காட்டினருக்குத் தோல் வெந்து சிவந்தது. வெயிலில் இருந்து, வெயில் காப்புப் பசை மட்டும் பூசியவர்களில் அது 25 விழுக்காடு. அவர்கள் வெளிர் தோலினர், நமக்கு அதே அளவு பாதிப்பு வராது. ஆனால் கதிர் பக்கவாட்டிலும் வரும் என்பது எல்லாத் தோலுக்கும் பொது. ஆகவே பெரிய விட்டம் வேண்டும். விளிம்பில் உட்காராமல் நிழலின் நடுவில் உட்கார வேண்டும்.

கம்பத்துக்கு அலுமினியம் இலகுவானது, இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. இரும்புக் கம்பம் மலிவு. பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் துரு தொடங்கிவிடும். தேக்குக் கம்பம் அழகு. எண்ணெய் பூசிப் பேண வேண்டும். வளைந்து நிமிரும் கண்ணாடியிழைக் கம்பிகள் காற்று மிகுந்த இடத்துக்கு நல்லவை. கடலோர வீடுகளில் திருகுகளையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகிலும் கறை படியும்; மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் கூடுதலாகத் தாங்கும்.

பராமரிப்பு

பராமரிப்பின் முதல் பாடம் மடக்குவது. எழுந்து போகும்போது மடக்கி, கயிற்றால் கட்டி, உறை போடுங்கள். தினமும் யார் இதைச் செய்வது என்று சலிப்பு வரும். ஜன்னலைச் சாத்துவது போன்ற அரை நிமிட வேலைதான் அது; செய்யாவிட்டால் மற்றப் பராமரிப்பெல்லாம் வீண். நனைந்த துணியை மட்டும் உடனே கட்டி வைக்காதீர்கள். காயும்வரை காற்றில்லாத வேளையில் விரித்து வைத்துப் பிறகு மடக்குங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை தூசியைத் தட்டி, மென்மையான சோப்பு நீரால் துடைத்து, சோப்பு மிஞ்சாமல் அலசுங்கள். பறவை எச்சத்தைக் காய விடாமல் கழுவிவிட வேண்டும். கடலோரத்தில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கம்பத்தையும் மூட்டுகளையும் கழுவுங்கள். மூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதில் தூசி ஒட்டிப் பிசினாகும். சிலிக்கோன் தெளிப்பு போதும். கம்பி முனைகள் செருகியிருக்கும் தையலை அவ்வப்போது பாருங்கள், கிழிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய குடை வீட்டுக்குள் இருக்கட்டும். இடி மின்னல் வேளையில் மாடியில் உலோகக் கம்பத்தின் அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். உட்காரும் வேளையில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தாழ்ந்து வருகிறது? காற்று எழும்போது குடையை மடக்க வீட்டில் ஆள் இருக்கிறாரா? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லை என்றால், அந்தப் பணத்தில் நல்ல நிழல்வலையும் ஒரு மூங்கில் தட்டியும் வாங்குங்கள்; அந்த வீட்டுக்கு அவைதான் சரி. ஆள் உண்டு என்றால், சாய்க்கும் மூட்டும் உச்சியில் காற்றுவாயும் மாற்றத்தக்க துணியும் மணல் நிரப்பிய பீடமும் உள்ள நடுக்கம்பக் குடை உங்களுக்குப் பல கோடைகள் உழைக்கும்.