கெய்ஷா நடனம் பார்க்கப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுக்கோ

கெய்ஷா நடனமெல்லாம் பெரிய இடத்து ஆட்களுக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். பாதி உண்மைதான். கியோட்டோவில் கியோன் பக்கத்துத் தேநீர் விடுதிகளுக்குள், பழைய வாடிக்கையாளர் யாராவது கூட்டிப்போய் அறிமுகப்படுத்தினால்தான் நுழையலாம். ஆனால் வருடத்தில் ஒரு மாதம் அதே பெண்கள் மேடையேறி, டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் ஆடுகிறார்கள். அதுதான் மியாகோ ஓதோரி. ஏப்ரலில் போவதாகச் சொன்னாயே தங்கச்சி, இதற்கு முதலில் ஒரு அரை நாளை ஒதுக்கிவிடு.

இடம் கியோன் கோபு காபுரென்ஜோ அரங்கம். கெய்ஹான் ரயிலில் கியோன்-ஷிஜோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். ஏப்ரல் முழுக்க, ஒரே நாளில் பல காட்சிகள் நடக்கும். செர்ரி பூக்கும் நேரம் என்பதால் ஊரே நிரம்பி வழியும்; விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் பதிவு செய்துவிடு. பயணம் தள்ளிப்போனாலும் கவலை வேண்டாம். மே மாதம் போன்தோச்சோவில் காமோகாவா ஓதோரி, நவம்பர் தொடக்கத்தில் கியோன் ஓதோரி என்று மற்ற கெய்ஷா பேட்டைகளும் தனித்தனியே நடத்துகின்றன.

தேநீரோடு சேர்ந்த டிக்கெட்டாகப் பார்த்து வாங்கு. விலை கூடத்தான், ஆனால் அதில் கஞ்சத்தனம் பண்ணாதே. ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடு. முழு அலங்காரத்தில் ஒரு கெய்கோ (கியோட்டோவில் கெய்ஷாவை அப்படித்தான் சொல்வார்கள்) மேசை முன் உட்கார்ந்து மாட்சா தேநீர் கலக்குவதைக் கிட்டத்தில் பார்க்கலாம். உன் கைக்கு வரும் கிண்ணம் உள்ளே கலந்து எடுத்து வருவதாக இருக்கும்; அதனால் ஏமாந்துபோகாதே. நாற்காலிதான், முழங்கால் மடித்து உட்கார வேண்டியதில்லை. கூடவே பயறு விழுது வைத்த இனிப்பு வரும். இனிப்பை முதலில் சாப்பிடு. அந்தக் கசப்புத் தேநீர் அதன் பிறகுதான் ருசிக்கும். இனிப்பு வந்த குட்டித் தட்டு உனக்கே. பலர் தெரியாமல் வைத்துவிட்டு வருகிறார்கள். ஒரு துண்டு கொண்டுபோய்ச் சுற்றி எடுத்து வா.

கொண்டையை உயர்த்திப் போடாதே, பின்னால் இருப்பவருக்கு மேடை மறையும். பாத்ரூம் போவதென்றால் முன்னாலேயே போய்விடு. ஏறக்குறைய ஒரு மணி நேர ஆட்டம், இடைவேளை கிடையாது. நடுவில் திரைகூட விழாது, கண் முன்னாலேயே காட்சி மாறும். போனை அணைத்துப் பைக்குள் போடு. அரங்கத்துக்குள் படம் எடுக்கக் கூடாது.

“மியாகோ ஓதோரி வா” என்று ஒரு குரல் நீட்டி அழைக்கும். “யோயியாசா” என்று பதில் வரும். அதோடு அரங்கின் இரண்டு பக்கமும் உள்ள நடைமேடைகளிலிருந்து நீலக் கிமோனோ வரிசைகள் ஆடிக்கொண்டே வரும். அந்த நொடியில் குனிந்து கைப்பையில் எதையும் தேடிக்கொண்டிருக்காதே. அப்புறம் காட்சிக்குக் காட்சி பருவம் மாறி, கடைசியில் செர்ரிப் பூக்களில் வந்து முடியும்.

நீ பரதம் கற்றவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். முகத்தில் பாவத்தைத் தேடாதே. இவர்கள் ஆடுவது இனோவே மரபு, முகம் அசையாது. தாழ்த்திய இடுப்பு, கழுத்தின் சாய்வு, விசிறி திரும்பும் விதம், இவற்றில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்ட பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை. முதுகில் நீளமாகத் தொங்கும் இடுப்புப் பட்டையும் கொண்டையில் பூச்சரமும் இருந்தால் அவள் மைகோ, இன்னும் பயிற்சியில் இருக்கும் சின்னப் பெண். அவர்களோடு நின்றுவிடாமல், ஓரத்தில் உட்கார்ந்து ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடும் மூத்தவர்களையும் பார். அவர்களும் கெய்கோக்கள்தான். பல வருடப் பழக்கம் அந்தக் குரலில் இருக்கிறது. ஆட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதே அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

மியாகோ ஓதோரி தொடங்கிய கதை தெரிந்தால் இன்னும் நெருக்கமாக இருக்கும். 1869-இல் பேரரசர் டோக்கியோவுக்குப் போய்விட, கியோட்டோ களையிழந்தது. ஊரை மீட்க 1872-இல் கண்காட்சி நடத்தியபோது, மூன்றாம் இனோவே யச்சியோ என்ற ஆசிரியை வடிவமைத்த நடனம் இது. அதுவரை விருந்து அறைகளில் ஓரிருவர் ஆடியதை, பெரிய குழுவாகப் பொதுமக்கள் முன் கொண்டுவந்தார். மியாகோ என்றால் தலைநகரம். தலைநகரம் கைவிட்டுப் போன பிறகு வைத்த பெயர் அது.

முடிந்து வெளியே வந்தால் ஹனாமிகோஜி தெரு. சாயங்காலம் விருந்துக்குப் போகும் மைகோ எதிரே வரலாம். ஒதுங்கி வழி விடு. பின்னால் ஓடாதே, கிமோனோவைத் தொடாதே. வேலைக்குப் போகிற பெண் அவள். அங்குள்ள சந்துகள் பல தனியாருடையவை. படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே காமோ ஆற்றங்கரைக்குப் போய்விடு.