பிக்கைக் கைவிட்டவர்

கேள்வி: வயது ஏற ஏற ராக் கிடார் கலைஞர்களின் வாசிப்பு மங்கிவிடுகிறதா?

பதில்: எல்லோருக்கும் அப்படி இல்லை. ஜெஃப் பெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் விலகிய இடத்தில் யார்ட்பேர்ட்ஸ் குழுவுக்கு வந்தவர். ஃபஸ், ஃபீட்பேக் என்று இரைச்சலையே இசையாக்கினார். 1975-ல் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்த 'ப்ளோ பை ப்ளோ' ஆல்பத்தில் ஜாஸ் பக்கம் சாய்ந்தார். பெரிய மாற்றம் எண்பதுகளில்தான். தந்தியை மீட்ட உதவும் சிறு தகடான பிக்கை விட்டுவிட்டு வெறும் விரல்களால் வாசிக்கத் தொடங்கினார். மீட்டும் கையின் சுண்டுவிரல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரின் வால்யூம் குமிழைத் திருகும். அதே கை ட்ரெமோலோ கம்பியையும் அசைக்கும். குமிழைத் தணித்துவிட்டுத் தந்தியை மீட்டி, பிறகு மெல்ல ஏற்றினால் மீட்டிய ஓசை மறைந்து, சுரம் மட்டும் மிதந்து வரும். கம்பியை அசைத்தால் சுரம் வழுக்கும், நடுங்கும். கிட்டத்தட்ட வாய்ப்பாட்டு! 2010-ல் 'நெஸ்ஸுன் டோர்மா' என்ற ஆப்பரா பாடலை, பாடகர் இல்லாமல் கிடாரிலேயே 'பாடினார்'. வேகம் காட்டிய இளம் பெக்கைவிட இந்த முதிய பெக்தான் எனக்கு உசத்தி. 2023 ஜனவரியில், 78 வயதில் காலமானார். முதலில் அவருடைய 'வேர் வேர் யூ'வைக் கேளுங்கள், ஹெட்போனில்.