வயிற்றுக் காயம் ஆற அடுப்படியின் உதவி



குடல் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு வரும் நம்மவர் பலர் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உறவினர் வீட்டில் தங்கி, பின் ஊர் திரும்புகின்றனர். காயத்தைத் தைப்பது வைத்தியரின் பணி. அது ஆறுவதற்கான போஷாக்கைக் கொடுப்பது வீட்டாரின் பணி.

முட்டையும் மீனும் புண்ணைச் சீழ் பிடிக்கச் செய்யும் என்று நம்பி, நோயாளியைக் கிழமைக்கணக்காகக் கஞ்சித் தண்ணீரில் வைத்திருக்கிறோம். சீழ் பிடிப்பது கிருமியால், முட்டையால் அல்ல. புதுத் தசை வளரப் புரதம் வேண்டும். புரதம் குறைந்தால் வெளிக்காயம் மட்டுமல்ல, உள்ளே குடலை இணைத்த இடமும் பலவீனப்படும்.

உயிர்ச்சத்து சி தையலைப் பிடித்துவைக்கும் நாரை உருவாக்க உதவுகிறது. 1939 இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் கிராண்டன் அச்சத்து இல்லாத உணவை மட்டும் உண்டு, தம் உடலிலேயே சோதனை செய்தார். மூன்றாம் மாதம் கீறிய காயம் ஆறியது. ஆறாம் மாதம் கீறியது ஆறவில்லை. அச்சத்தை ஏற்றிய பின்னரே ஆறியது. ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு நாளைக்கு வேண்டியதற்கு மேல் அச்சத்து உண்டு. முதல் கிழமைகளில் விதை நீக்கி, மசித்துக் கொடுக்கலாம்.

50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் தேவை. இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் பருப்பில் 24, 25 கிராம் நெத்தலிக் கருவாட்டில் ஏறத்தாழ 15, ஒரு கோப்பைப் பாலில் 7 கிராம் கிடைக்கும். மிகுதியில் பெரும்பகுதியைச் சோறு தரும். கருவாட்டை ஊறவைத்து உப்பை அகற்றி, பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்து, சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுங்கள். சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் அளவை வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

சத்துமா டின் வாங்கக் கடன்பட வேண்டியதில்லை. நன்கு உண்ண முடியாதவருக்கும் மிக மெலிந்தவருக்கும் வைத்தியர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். 1973 இல் தொடங்கிய திரிபோஷா, சோளம், சோயா, பால்மா கலந்தது. அது கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர்களுக்கானது. குழந்தையின் பங்கை நோயாளிக்கு மாற்றாதீர்கள். வறுத்த சோளத்தையும் சோயாவையும் வீட்டிலேயே மாவாக்கி, நன்கு வேகவைத்துக் கூழாக்கலாம்.

சிறுகுடலின் கடைப்பகுதி அகற்றப்பட்டிருந்தால் உயிர்ச்சத்து பி12 ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். வயிற்றில் பை வைத்தவருக்கு நீராக அதிகம் போனால், வெறும் தண்ணீரை மேலும் மேலும் கொடுக்காமல் ஜீவனி பற்றித் தாதியிடம் விசாரியுங்கள்.

காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிறு வீக்கம், காயத்தில் சீழ் அல்லது மலம் கசிதல் கண்டால் உடனே வைத்தியசாலை செல்லுங்கள். ஆறு கிழமைக்காவது மண்வெட்டியும் நெல்மூட்டையும் தொட வேண்டாம்.

யாயீரின் மகளை எழுப்பிய ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி வீட்டாரிடம் சொன்னார். அந்தக் கடமை நமக்கும் உண்டு.

கலந்துரையாட: நோயாளிக்கு நம் வீட்டில் எவற்றைப் பத்தியம் என்று தடுக்கிறோம்? அவற்றில் எவை காயம் ஆற உதவுபவை?