கடலோரக் கிராமங்களில் கழிவு ஜலத்தைச் சுத்தி செய்தல்

நாகப்பட்டினம் முதலிய கடலோரப் பிரதேசங்களில் மணற்பாங்கான பூமி அதிகம். மழைகாலத்தில் ஊற்று மட்டம் சில அடி ஆழத்திலேயே நிற்கும். ஆகையால் உறிஞ்சு குழியில் விடப்படும் கழிவு ஜலம் சரிவர வடிகட்டப்படாமலே அண்டைக் கிணற்றை அடைந்து, பேதி முதலிய வியாதிகளை உண்டாக்கக்கூடும்.

இதற்கு மாற்று நாணற்படுகையாகும். முதலில் கழிவு ஜலத்தை மூடிய தொட்டியில் ஓரிரு நாள் தங்கவிடவேண்டும். வண்டல் அடியில் படியும். எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். நடுவிலுள்ள ஜலம் மாத்திரம், சுமார் 2 அடி ஆழமும் 100-க்கு 1 வாட்டமுமுள்ள சரளைப் படுகைக்குள் செல்லவேண்டும். தொட்டியும் படுகையும் ஜலம் கசியாதபடியும், வெள்ளம் புகாதபடி கரை உயர்ந்தும் இருத்தல் அவசியம். படுகையில் நாணல் அல்லது சம்பு நடுக. சரளையிலும் வேர்களிலும் பற்றி வாழும் நுண்ணுயிர்களே அழுக்கைச் சிதைக்கின்றன. ஜலமட்டம் சரளையின் மேற்பரப்புக்கு 2 அங்குலம் கீழேயிருப்பின் கொசு முட்டையிட இடமிராது, நாற்றமும் குறையும்.

வெளிவரும் ஜலம் குடிக்கத் தகாதது, கீரைக்கும் பாய்ச்சலாகாது. தென்னை, வாழை இவற்றின் அடியில் விடலாம். இதில் வேறொரு நன்மையுமுண்டு. கடலோரத்தில் பூமிக்கடியில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், உப்புநீர் காலக்கிரமத்தில் சுமார் 40 அடி மேலெழக்கூடும். தோப்புக்கு இறைப்பது குறையுமளவுக்குக் கிணறு உப்பாகாமல் தப்பும்.

தொட்டியின் வண்டலை 2 அல்லது 3 வருஷங்களுக்கு ஒருமுறை இயந்திரத்தால் அகற்றவேண்டும். தவறினால் அது சரளையை அடைத்து யாவும் பயனற்றுப்போம். பாதுகாப்புக் கருவியின்றி ஆளைத் தொட்டிக்குள் இறக்குதல் 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றமாகும். ஆதலின், இப்பொறுப்பு யாருடையது, செலவு எவரைச் சார்ந்தது என்பவற்றைக் கிராமத்தார் கட்டுமுன்னரே நிர்ணயித்துக்கொள்வார்களாக.