எந்தப் பட்டறைக்குக் காசு கொடுப்பது?

தென்னை ஏறும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையைத்தான். "அண்ணே, எங்க வாங்கினா கொறச்சலா கெடைக்கும்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "கம்பி தேஞ்சா மாத்துக் கம்பி அவன்கிட்ட கெடைக்குமான்னு விசாரிச்சியா?" இதுவரை விசாரித்துவிட்டு வந்தவர்கள் குறைவு.

விக்கிரமங்கலத்தில் இருந்துகொண்டு மரவேலை பார்ப்பவனுக்கு ஒரே மாதிரி மரம் அமையாது. கொள்ளிடத்துப் பக்கம் போனால் தென்னந்தோப்பு. ஏரிக்கரைகளில் பனை, அதுவும் நுங்குக் காலத்தில் மட்டும். மற்ற நாட்களில் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த புளியங்கிளை, மின்கம்பியை உரசும் வேப்பங்கிளை என்று ஏதாவது வரும். மின்கம்பி என்றால் லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டிக்காமல் நாங்கள் ஏணியைக்கூடச் சாய்ப்பதில்லை. ஒரு மரத்துக்கு ஆகும் சாமான் இன்னொன்றுக்கு ஆகாது. அதனால் பல பேரிடம் வாங்கியிருக்கிறோம். யாரிடம் திரும்பப் போவது, யாரிடம் போகக் கூடாது என்பதில் எனக்கு இப்போது ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மெஷினிலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்று தமிழ்நாடு, கேரளம் முழுக்கப் புழங்கும் இரட்டைக்கால் மெஷினுக்குச் 'செம்பேரி மாடல்' என்று பெயர். கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி, அப்பச்சன் என்று அழைக்கப்படுபவர், உருவாக்கியது. பொறியியல் படித்தவர் அல்ல. வலது காலுக்கு ஒரு சட்டம், இடது காலுக்கு ஒரு சட்டம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இரும்புக் கம்பி வடம் மரத்தைச் சுற்றி வரும். காலை வைத்து அழுத்தினால் உடம்பு எடையிலேயே வடம் மரத்தை இறுக்கிப் பிடிக்கும். எடையை எடுத்துத் தூக்கினால் தளர்ந்து மேலே நகரும். மோட்டார் இல்லை, பற்சக்கரம் இல்லை. இவ்வளவு எளிமையான ஒன்றை யோசித்ததுதான் கெட்டிக்காரத்தனம். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரை அங்கீகரித்தது. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மர நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கியபோது, பரம்பரையாக மரம் ஏறாத வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும்கூட ஆறு நாளில் ஏறக் கற்றுக்கொள்ள முடிந்தது இந்த வகை மெஷினால்தான்.

எளிமையாக இருப்பதாலேயே இதைப் பார்த்துச் செய்வதும் சுலபம். வெல்டிங் தெரிந்த எந்தப் பட்டறையிலும் ஒரு மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்று செய்துவிடலாம். செய்கிறார்கள். பார்த்துச் செய்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. சைக்கிளையும் யாரோ ஒருவர்தான் முதலில் செய்தார். ஆனால் பார்த்துச் செய்யும்போது கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் நகலாகும். குழாயின் கனம், கம்பி வடத்தின் தரம், ரப்பரின் பிடிப்பு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வாங்கிய மெஷினில் பெயின்ட் அருமையாக இருந்தது. வடம் மட்டும் பைக் கிளச் கம்பியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

ஆகவே மெஷினைக் கையில் எடுத்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். கம்பி வடம் சட்டத்துக்குள் நுழைந்து வளையும் இடத்தைப் பாருங்கள். எல்லா வடமும் அங்கேதான் முதலில் பிரியும். ஒரு பழந்துணியை வடத்தின் மேல் இழுத்தால் பிரிந்த இழை துணியில் மாட்டும். ஒரு இழை மாட்டினாலும் அந்த வடம் அன்றோடு சரி. அடுத்து, வடத்தை மடித்துப் பிடிக்கும் யூ கிளிப். கிளிப்பின் தட்டைப் பகுதி எடை தாங்கும் கம்பியின் மேலும், வளைந்த பகுதி வெட்டுமுனைக் கம்பியின் மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் எடை தாங்கும் கம்பியே நசுங்கும். விற்பவர் இதை மாற்றிப் போட்டிருந்தால் அந்தப் பட்டறையில் யாரும் கம்பி வடத்தைப் பற்றி யோசித்ததே இல்லை என்று அர்த்தம். நான் அப்படியே திரும்பி வந்துவிடுவேன். மூன்றாவது கேள்வி அந்த மாற்றுக் கம்பிதான். வடத்தையும் ரப்பரையும் தனியாக விற்கிறவர், தன் மெஷின் தேயும் என்று தெரிந்தவர். தேயாது என்று சொல்கிறவரிடம் என்ன பேச்சு?

முதலில் வந்த செம்பேரி மெஷினில் இடுப்பு பெல்ட் கிடையாது. கை நழுவி ஆள் பின்னால் சாய்ந்தால் பிடிக்க ஒன்றுமில்லை. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் குறையைப் பார்த்து, அதே மெஷினோடு சேர்க்கிற பாதுகாப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உட்கார்ந்தபடி ஏறும் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. மேல் சட்டம், கீழ்ச் சட்டம் என்று இரண்டு. மெதுவாகத்தான் போகும், ஒரு நாளில் நிறைய மரம் ஏறுகிறவர்களுக்குப் பொறுமை இருக்காது. ஆனால் பயப்படுகிற ஆளை மரத்தில் ஏற்ற அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. பெல்ட்டைத் தனி விலைப் பொருளாக வைத்து, "வேணும்னா வாங்கிக்கங்க" என்று சொல்லும் கடைக்கு எங்கள் குழு காசு கொடுப்பதில்லை.

பெல்ட் என்றதும் எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு சங்கதி. அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள். உயரத்தில் வேலை பார்ப்பவர்கள் முழு உடல் பெல்ட் போடுவார்கள். கழித்துப் போட்ட பெல்ட்டுகள் எப்படியோ பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். நாலில் ஒரு பங்கு விலை. கொக்கியெல்லாம் பளபளவென்று இருக்கும். வாங்காதீர்கள். நாடாவின் இழைக்குள் ஏறிய சிமென்ட் தூள் உள்ளிருந்தே அறுக்கும், வெயில் மேலிருந்து இற்றுப்போக வைக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. அந்த பெல்ட் ஏற்கெனவே ஒருவரை விழாமல் பிடித்திருந்தால் அதன் வேலை அத்தோடு முடிந்தது, அதுவும் தெரியாது.

புதிது வாங்கும்போதும் ஒரு விஷயம் உண்டு. ஆலை பெல்ட்டின் முக்கிய வளையம் முதுகில் இருக்கும், தலைக்கு மேல் உள்ள இரும்பில் மாட்டுவதற்காக. தென்னையில் தலைக்கு மேல் மட்டைதான் இருக்கிறது. அதை நம்பி உயிரை மாட்ட முடியாது. நமக்கு வேண்டியது இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம், மரத்தைச் சுற்றி வரும் ஒரு கயிறு, அந்தக் கயிற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி. இதை விளக்கிச் சொன்னதும் புரிந்துகொண்டு சரியான மாதிரியைக் காட்டுகிற விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். பெல்ட்டில் தைத்த சீட்டை வாசியுங்கள். இந்தியத் தர எண் ஐ.எஸ். 3521, தயாரித்த மாதம், வரிசை எண் இருக்க வேண்டும். 'கரம்' மாதிரி இந்தியாவிலேயே செய்கிற நிறுவனங்கள் வந்துவிட்டதால், வெளிநாட்டுச் சாமானுக்குத்தான் தரம் என்ற பேச்சு பெல்ட் விஷயத்தில் எடுபடாது.

கிளை இறக்குகிற வேலையில்தான் காசு வீணாவதும் ஆபத்து வருவதும் அதிகம். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் விற்கும் மஞ்சள், நீலக் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். மாடு கட்டலாம், லாரியில் சுமை கட்டலாம். கிளையில் சுற்றி எடையோடு வேகமாக ஓடவிட்டால் உராயும் சூட்டில் இளகிவிடும். அதன் உருகுநிலை 165 டிகிரி அளவில்தான். நைலான் 220, பாலியெஸ்டர் 255 வரை தாங்கும். நைலான் இழுபடும், விழுகிற கிளையின் உதறலை உள்வாங்கும். பாலியெஸ்டர் அவ்வளவாக இழுபடாது, ஓட்டின் மேல் அங்குலம் அங்குலமாக இறக்கும்போது அதுதான் கையோடு பேசும். மீன்பிடிப் படகுகளுக்குக் கயிறு விற்கும் நாகப்பட்டினத்துக் கடைகளில் இந்த வித்தியாசம் சொல்லாமலே தெரியும். எந்த ஆலைக் கயிறு, எத்தனை மில்லி, எவ்வளவு இழுவைக்கு அறும் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். கிளை இறக்கும் கயிறு அங்கேதான் வாங்குகிறோம். ஆள் தொங்கும் கயிறு வேறு, அதை ஒருநாளும் கிளை இறக்கப் பயன்படுத்துவதில்லை. நிறம் மாற்றி வைத்திருக்கிறோம்.

ஒரு கணக்கும் மனதில் இருக்கட்டும். 100 கிலோ கிளையை மேலே கப்பியில் போட்டுக் கீழே ஆள் பிடித்தால், கப்பி கட்டிய இடத்தில் விழும் சுமை 200 கிலோ. அதுவும் கிளை அசையாமல் தொங்கும்போது. ஓரடி விழுந்து கயிறு வெட்டி இழுத்தால் அதைப்போலப் பல மடங்கு. கப்பியில் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். பொறித்திருப்பது பாதுகாப்பாக ஏற்றக்கூடிய எடையா, உடைகிற எடையா என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம்.

வெளிநாட்டுச் சாமான் பற்றிச் சுருக்கமாக. ஆரோவில் பக்கம் கயிற்று முறையில் மரம் ஏறுகிறவர்களைப் பார்த்த பிறகு எங்கள் பையன்களுக்கும் அதன்மேல் ஆசை. பிரான்சின் பெட்ஸல் நிறுவனம் மரம் ஏறுகிறவர்களுக்கென்றே 'ஜிக்ஜாக்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் விரிசல் வருவது தெரிந்ததும் 2013-இல் விற்றதையெல்லாம் திரும்ப அழைத்துக்கொண்டது. இதைச் சொன்னால் நம் ஆட்கள் "அப்ப அது சரியில்லாத கம்பெனியா?" என்பார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. யாருக்கு எந்த எண் விற்றோம் என்று கணக்கு வைத்திருந்தால்தான் திரும்ப அழைக்க முடியும். ஆன்லைனில் அதே வடிவம், அதே நிறம், கால் விலை என்று வருகிற கொக்கிகளுக்கு எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. உடைந்தால் யாரைப் போய்க் கேட்பது? இன்னொன்றும் அங்கே பிடித்தது. கெவின் பிங்ஹாம் என்ற மரம் ஏறும் தொழிலாளி யோசித்த 'ரோப் ரெஞ்ச்' கருவியை வேல்ஸில் உள்ள ஐ.எஸ்.சி. என்ற நிறுவனம் செய்து விற்கிறது, யோசித்தவரை மறைக்காமல். செம்பேரி அப்பச்சன் பெயர் மெஷினுக்கு ஒட்டவில்லை, ஊர்ப் பெயர்தான் ஒட்டியது. அந்தப் பெயரையும் சொல்லாமல் விற்கிற பட்டறைகள் எத்தனையோ.

உள்ளூர் கொல்லுப்பட்டறையை விட்டுவிட முடியாது. பாளை சீவும் அரிவாளும் கவைக் கொக்கியும் எந்தக் கம்பெனியும் எங்கள் கைக்குத் தகுந்தபடி செய்து தராது. ஆசாரியிடம் போய், "போன தடவ குடுத்தது கொஞ்சம் முன்பாரமா இருக்குங்க" என்றால் அடுத்த நாளே சரி செய்து வைப்பார். அவரிடம் பேரம் பேசுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். மழைக்காலத்தில், வேலை இல்லாத நேரத்தில், அடுத்த சீசனுக்கு வேண்டியதை முன்பணம் கொடுத்துச் செய்யச் சொல்கிறோம். அவர் உலை அணைந்தால் நான் அரிவாளுக்குக் கும்பகோணம்தான் போக வேண்டும். ஆனால் ஆள் எடை தாங்கும் எதையும் அவரிடம் கேட்பதில்லை, அவரும் செய்ய மாட்டார். தன் வேலையின் எல்லை தெரிந்தவர்.

எங்கள் பக்கத்துக் குழுக்கள் சேர்ந்து வாங்க ஆரம்பித்த பிறகு மரியாதையே கூடிவிட்டது. ஒற்றை ஆளாகப் போய்க் கேட்டால் பதில் சொல்லாத தயாரிப்பாளர், மொத்தமாகக் கேட்டால் போனை எடுக்கிறார். நாங்கள் கேட்பது தள்ளுபடி அல்ல, உதிரிப் பொருள். தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுகிறவர்களுக்கு வைத்திருக்கும் விபத்துக் காப்பீட்டையும் இப்படிச் சேர்ந்தே விசாரியுங்கள். பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. வழி தெரியாவிட்டால் சோழமாதேவி வேளாண் அறிவியல் மையத்தில் கேட்கலாம்.

பாக்கி இருப்பது பனை. தென்னை மெஷினைப் பனையில் மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிமரம் பெருத்தது, மேலே போகப் போகச் சிறுக்கும், கருக்கு மட்டை இருந்தால் வடம் நகராது. பாதி மரத்தில் நின்றுகொண்டு வடத்தைச் சுருக்க வேண்டும், அதுதான் சிக்கல். 1987-இல் கள் தடை வந்த பிறகு பனையேறிகள் குறைந்தார்கள். வாங்க ஆள் இல்லாததால் அதற்கென்று கருவி செய்யப் பட்டறைக்காரர்களுக்கும் அக்கறை இல்லை. இப்போதும் ஏறுகிற பெரியவர்கள் காலில் தளை, இடுப்பில் கயிறு, இரண்டும் தாங்களே முறுக்கியது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் நட அரசு அறிவித்தது. முளைத்தவை பலனுக்கு வரவே 12 முதல் 15 ஆண்டு ஆகும். அதற்குள் ஏற ஒரு வழி வேண்டும். நல்ல பனையேறும் கருவிக்கு அரசு பரிசும் அறிவித்திருக்கிறது.

ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரர், அரை மரத்தில் ஒரு கையாலேயே வடத்தைச் சுருக்கும் பிடி ஒன்றைச் செய்து பார்க்கிறார். முதல் மாதிரி பளுவாக இருந்தது. எங்கள் ஏரிக்கரைப் பனைகளின் சுற்றளவை அடியிலும் இடுப்புயரத்திலும், பெரியவர்கள் ஏறி உச்சிக்குக் கீழேயும் அளந்து கொடுத்திருக்கிறோம். இரண்டு மெஷினுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. பெல்ட் மாட்டும் வளையம் சட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டும், வடம் தனியாகக் கிடைக்க வேண்டும், சட்டத்தில் எண் அடித்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்க நிபந்தனை. எண் எதற்கு என்று முதலில் சிரித்தார். இப்போது எண் அடிக்கும் உளி வாங்கி வைத்திருக்கிறார்.