துண்டு வெட்டிய பிறகும் வாட்டில் ஏன்?

நம்பிக்கை: "இன்னும் ரெண்டு நாள் வாட்டில கிடந்தா உடம்பு தேறிடும்."

திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் துண்டு வெட்டியதும் கட்டிலருகே எழும் பேச்சு இது. கப்பல்துறையிலிருந்து தாயைப் பார்க்க வரும் மகன் அதை அன்பில்தான் சொல்கிறார். ஆனால் முதிய உடம்பைக் கட்டில் தேற்றுவதில்லை, கரைக்கிறது. 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 67 வயதை ஒட்டிய சுகதேகிகள் 11 பேரைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. சுகமாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலில் பசியற்றுக் கிடக்கும் அம்மம்மாவுக்கு? வரும்போது நடந்து வந்தவரைப் போகும்போது இரண்டு பேர் தாங்க வேண்டியிருக்கும். போதாததற்கு, வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமிகள் வாட்டில் தொற்றலாம். இரவுத் தூக்கம் கெட்டுப் புத்தி தடுமாறுவோரும் உண்டு.

"வீட்டில பார்க்க ஆளில்லை, குந்தியிருக்கிற கக்கூஸ்" என்பார்கள். அது உண்மையான கஷ்டம், அதைச் சொல்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த யோசனை துண்டு வெட்டும் நாளில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். சேர்த்த மறுநாளே மிஸ்ஸியிடம் கேளுங்கள்: எப்போது போகலாம், வீட்டில் என்ன வேண்டும்? நடுவில் ஓட்டையிட்ட ஒரு கதிரையும், பிடித்து நடக்கச் சுவரோரம் ஒரு கம்பும் அதற்குள் தயாராகிவிடும்.

நம்பிக்கை: "பம்ப் அடிச்சுப் பழகினா பிறகு விடேலாது."

பம்ப் போதைப்பொருளல்ல. இழுப்பைத் தடுக்கும் பம்பின் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே சுவாசக் குழாய்க்குப் போகிறது. குளிசையில் அதே வகை மருந்து மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்க ஓடுகிறது. அடித்தபின் வாயைக் கொப்பளித்தால் போதும். பயந்து நிறுத்தியவர்களைத்தான் நள்ளிரவில் 1990 அம்புலன்ஸ் ஏற்றிப்போகிறது.

நம்பிக்கை: "பிரஷர் இறங்கிட்டுது, இனிக் குளிசை எதுக்கு?"

இறக்கியது அந்தக் குளிசைதான். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.

நம்பிக்கை: "வயலில இறங்கினா காய்ச்சல் வரத்தானே செய்யும்."

வயலில் தொற்றும் எலிக்காய்ச்சலை வருமுன் தடுக்கலாம். சேற்றில் இறங்கும் காலத்தில் வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் எடுப்பது வழக்கம். எல்லாருக்கும் அது பொருந்தாது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதனால் தம்பலகாமத்து வயல்களில் உழவு தொடங்குமுன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுவிடுங்கள். அப்படியும் காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் வலித்து, சலம் குறைந்தால் வீட்டில் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. வாட்டுக் கட்டில் வேண்டியது அப்படிப்பட்டவருக்குத்தான்.