‘கையிருப்பில் உள்ளது’ என்றால் யார் கையில்?

டெக்ஸாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “வாரக் கடைசியில் நண்பர்களோடு களிமண் தட்டு சுடப் போய்ப் பழகிவிட்டேன். இனி இரவல் வேண்டாம், சொந்தமாக ஒரு ஷாட்கன் வாங்கலாம் என்று இணையக் கடைகளைத் திறந்தால் தலை சுற்றுகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?”

கடைக்கு முன்னால் விசா. கிரீன் கார்டு இருப்பவருக்கு அந்தக் காரணத்தால் தடை இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். மைதானத்தில் இரவல் வாங்கிச் சுடுவதும் அதில் அடங்கும். இதைத் துப்பாக்கிப் படத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடையும் எழுதி வைக்காது.

அடுத்தது, பணம் கட்டினால் பொருள் வீட்டு வாசலுக்கு வந்துவிடாது. ஒரு காலத்தில் வந்தது. 1963-இல் லீ ஹார்வி ஆஸ்வால்ட் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப் பெயரில், சிகாகோ கடையிலிருந்து தபாலில் ரைபிள் வரவழைத்தான். அதன் விலை 19.95 டாலர். அதைக் கொண்டுதான் அதிபர் கென்னடியைச் சுட்டான். 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த வழியை அடைத்தது. இன்று இணையத்தில் வாங்குவது உங்கள் ஊரில் ‘எஃப்எஃப்எல்’ என்று எல்லோரும் சொல்லும், உரிமம் பெற்ற வியாபாரியின் கடைக்குத்தான் போகும். அங்கே படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கையில் கிடைக்கும். ஆக, நீங்கள் பார்க்கும் பக்கம் பாதிக் கடைதான். மீதிப் பாதி அந்த உள்ளூர்க் கவுன்டர்.

இனி அந்தப் பக்கத்தைப் படிப்போம். ‘12 ஜிஏ 28 3 சின் பிஎல்கே 5ஆர்டி’ என்கிற மாதிரி ஒரு தலைப்பு இருக்கும். மொத்த வியாபாரியின் தரவை அப்படியே கொட்டியதன் விளைவு இது. 12 என்பது கேஜ், அதாவது குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் எண். 28 என்பது குழலின் நீளம், அங்குலத்தில். 3 என்பது தோட்டா அமரும் அறையின் நீளம். மூன்று அங்குல அறையில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவைப் போடலாம், ஆனால் மாற்றிப் போடக் கூடாது. மீதியெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, ஐந்து தோட்டா. உங்களுக்கு முக்கியம் அந்த 28. மாஸ்பெர்க் 500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே இயக்கம் கொண்ட அந்தத் துப்பாக்கி 28 அங்குலக் குழலோடு ‘வேட்டை’ப் பகுதியிலும், 18.5 அங்குலக் குழலோடு ‘வீட்டுப் பாதுகாப்பு’ப் பகுதியிலும் கிடக்கும். இரண்டாவதற்குத்தான் இருட்டுப் பின்னணி, பளிச்சென்ற ஒளி, வீராவேசமான பெயர் எல்லாம். பறக்கும் தட்டைத் தொடர்ந்து குறிவைக்க அது தோது இல்லை. படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

‘கையிருப்பில் உள்ளது’ என்ற பச்சை எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல இணையக் கடைகளுக்குச் சொந்தக் கிடங்கில் இருப்பது கொஞ்சம்தான். மொத்த வியாபாரிகளின் கிடங்குக் கணக்கைத் தங்கள் பக்கத்தோடு இணைத்துவிடுகிறார்கள். கிடங்கில் மூன்று இருந்தால், இருபது கடைகள் அதே மூன்றைத் தங்களுடையதாகக் காட்டும். கணக்கு புதுப்பிக்கப்படும் இடைவெளியில் நான்காவது ஆளாகப் பணம் கட்டியவருக்கு, இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கடிதம் வரும், பணம் திரும்ப ஒரு வாரம் ஆகும். 2020-இல் கொரோனாவோடு வாங்கும் வேகம் கூடியபோது இது தினசரிக் கதையானது. எளிய வழி, தொலைபேசியில் “உங்கள் அலமாரியில் இருக்கிறதா, மொத்த வியாபாரியிடம் இருக்கிறதா?” என்று கேட்பது. ஒழுங்கான கடை மழுப்பாது.

விலை இன்னொரு கண்கட்டு. ‘விலையைப் பார்க்க கூடையில் போடவும்’ என்றால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் வைத்த குறைந்தபட்ச விளம்பர விலைக்குக் கீழே வெளிப்படையாகப் போடக் கூடாது என்ற ஏற்பாடு அது. கவனிக்க வேண்டியது, பெரிய எழுத்தில் இருக்கும் தொகை ‘ரொக்க விலை’யா என்பது. உதாரணத்துக்கு 449 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் செலவு 20, கிரெடிட் கார்டுக்கு மூன்று சதவீதம் என்றால் 13, டெக்ஸாஸில் விற்பனை வரி உச்சமாக 8.25 சதவீதம், அது 37, உள்ளூர் எஃப்எஃப்எல் கட்டணம் 35. கூட்டினால் 554. பக்கத்து ஊர்க் கடையில் 530-க்குத் தொங்கிக்கொண்டிருந்தால் (அதற்கும் வரி உண்டு, மறந்துவிடாதீர்கள்) வித்தியாசம் அவ்வளவுதான், தொட்டுத் தூக்கித் தோளில் வைத்தும் பார்க்கலாம்.

பழையது வாங்குவதாக இருந்தால், அந்த ஒரு துப்பாக்கியின் படம்தானா என்று பாருங்கள். ஒரே படத்தைப் போட்டு ஐம்பதை விற்பது வழக்கம். தரத்துக்குத் தேசிய ரைபிள் சங்கமான என்ஆர்ஏவின் அளவுகோலைச் சொல்வார்கள். அதில் ‘குட்’ என்பது ஆறு படிகளில் ஐந்தாவது. துரு இருக்கலாம், வேலையைக் கெடுக்காத அளவுக்கு என்று பொருள். நம் காதுக்கு அது ‘நல்லது’ என்று கேட்பது கடைக்காரரின் அதிர்ஷ்டம். குழலின் உட்புறப் படம் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

எங்கும் தீர்ந்துபோன மாடல் ஒரு கடையில் மட்டும் பாதி விலைக்கு இருந்து, ஸெல் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் செயலியிலோ கிரிப்டோவிலோ மட்டும் பணம் கேட்டால், அங்கே துப்பாக்கியே இருக்காது. வியாபாரிகளுக்கு உரிமம் தரும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் தளத்தில் உரிம எண்ணின் முதல் மூன்று, கடைசி ஐந்து இலக்கங்களைப் போட்டால் உரிமம் உண்மையா, எந்த முகவரிக்கு என்று தெரிந்துவிடும். எண்ணைத் தரத் தயங்கும் கடையும் அதே ரகம்தான்.

பணம் கட்டும் முன்பே உள்ளூர் எஃப்எஃப்எல்லிடம் பேசிவிடுங்கள். சிலர் இணையத்தில் வாங்கியதைப் பெற்றுக்கொள்ள மாட்டார்கள், சிலர் கட்டணத்தை ஏற்றுவார்கள். பெட்டி வந்ததும் படிவத்தைத் தொடாமல் முதலில் பிரித்துப் பாருங்கள்: வரிசை எண் ரசீதோடு பொருந்துகிறதா, குழல் நீளம் சரியா, குழல் முனையில் பொருத்தும் சோக்குகளும் அவற்றைத் திருகும் சாவியும் உள்ளே இருக்கின்றனவா. துப்பாக்கி உங்கள் பெயருக்கு மாறிய பிறகு அது பழைய பொருள், பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. கிரீன் கார்டில் இருக்கும் ‘ஏ’ எண்ணைப் படிவம் கேட்கும் என்பதால் அந்தக் கார்டை மறக்க வேண்டாம். ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய வீட்டு முகவரி இருக்க வேண்டும். பழைய முகவரியே இருந்து, புதியதைக் காட்டும் வேறு அரசு ஆவணமும் இல்லையென்றால், அன்றைக்கு வெறுங்கையோடுதான் வீடு திரும்புவீர்கள்.